அக்கரைக்குப் போன ஒரு டாலர்

எங்கள் ஊர் லிப்னிக்கில் இன்றைக்கும் எல்டன் குசேரா என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் முதலில் சிரிப்பார். "நம்ம டாலரைக் கொண்டுபோய் ஆத்துக்கு அந்தப் பக்கம் குடுத்துட்டு வந்த மனுஷன்தானே?" என்பார். அப்புறம்தான் நல்ல மனிதர், தங்கமான மனிதர் என்றெல்லாம் வரும். எனக்கு அந்த முதல் சிரிப்பு பிடிக்காது. அந்தக் கதையில் ஊருக்குத் தெரிந்தது பாதிதான், மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷம் அதை வாயைத் திறந்து சொல்லவில்லை.

நான் டார்லா. எல்டனின் டெலிபோன் கடையில் பதினாலு வருஷம் பில் போட்டவள். அதற்கு முன்னால் ஊர் வங்கியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். வங்கியை இழுத்து மூடியபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெருமை: டார்லா கை பட்ட கணக்கில் தப்பு வராது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன், வேறு தூக்கி வைத்துக்கொள்ள எதுவும் இல்லாததால்.

எல்டன் அப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். முப்பது வருஷம் பெரிய டெலிபோன் கம்பெனியில் கம்பம் ஏறியவர். ஆறடிக்கு மேல் உயரம், லேசான கூன், காதில் எப்போதும் ஒரு பென்சில். வயல்வெளிகளுக்குள் தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளுக்குக் கம்பி பழுது பார்ப்பதைக் கம்பெனி மெல்ல மெல்லக் கைவிட்டது. மழை வந்தால் மூன்று நாள் ஃபோன் இருக்காது. எல்டன் பொறுத்துப் பார்த்தார், வேலையை விட்டார், இன்டர்நெட் வழியாக ஃபோன் பேசுவது எப்படி என்று தானே கற்றுக்கொண்டார். டென்வரில் ஒரு மொத்த வியாபாரியிடம் லைன்களை வாங்கி, ஊரில் சில்லறையாக விற்றார். கடை, பழைய விதைக் கடை இருந்த கட்டிடம். நான் சேர்ந்தபோதும் மரத்தரையின் இடுக்குகளில் மக்காச்சோள விதை கிடந்தது. குளிர்காலத்தில் ஹீட்டர் சூடேறினால் அந்த வாசனை எழும். இப்போதும் எங்காவது விதை மூட்டையைப் பிரித்தால் எனக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வருகிறது.

மாசம் இருபத்துநாலு டாலர் அவருடைய கட்டணம். அதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் அதற்குக் கீழே வரும் சில்லறை வரிகளில்தான். மாநில வரி, ஊர் வரி, நாடு முழுக்க எல்லோருக்கும் ஃபோன் கிடைப்பதற்கான நிதி, காது கேளாதவர்களின் ஃபோன் சேவைக்கு ஒரு துளி, 911 என்கிற அவசர உதவி எண்ணுக்கான கட்டணம் ஒரு டாலர். நாங்கள் போட்டதல்ல, எங்கள் பைக்குள் போவதுமல்ல. ஆனாலும் திட்டு எங்களுக்குத்தான் விழும். முதல் தேதி பில் போனால் மூன்றாம் தேதி வெர்ன் ஹோலெச்செக் வருவான். எல்டனோடு ஒரே வகுப்பில் படித்தவன், முந்நூறு மாடு வைத்திருப்பவன், முப்பது சென்ட்டுக்கு மூன்று மணி நேரம் சண்டை போடுபவன்.

"ஏன்யா எல்டன், போன மாசம் இந்த நிதிக்கு ஒரு தொகை போட்ட. இந்த மாசம் வேற தொகை. நான் பேசினது அதே பேச்சு, அதே பொண்டாட்டியோட தங்கச்சிகிட்ட. எப்படிய்யா ஏறுது?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாஷிங்டன்ல விகிதத்தை மாத்துறாங்க வெர்ன். நான் என்ன பண்ணட்டும்?"

"நீ ஃபோன் போட்டு வேணாம்னு சொல்லு."

"சொல்றேன். உன் லைன்லேருந்தே பண்றேன். வெளி மாநில கால், உனக்கு இன்னும் நாலு சென்ட் ஏறும். பரவாயில்லையா?"

வெர்ன் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போவான். மறு மாசம் மூன்றாம் தேதி மறுபடி வருவான். அவன் வராத மாசம் எல்டன் என்னிடம் கேட்பார், "உடம்பு கிடம்பு சரியில்லையோ?"

வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய படிவம் ஒன்று உண்டு. ஏப்ரல் ஒன்றாம் தேதிக்குள் மத்திய அரசுக்குப் போய்ச் சேர வேண்டும். தேதியைத் தேர்ந்தெடுத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்று எல்டன் சொல்வார். நாங்கள் ரொம்பச் சின்ன கம்பெனி. எல்லோருக்கும் ஃபோன் கிடைப்பதற்கான அந்த நிதிக்கு நேராகப் பணம் கட்ட வேண்டியதில்லை, டென்வர்காரனே எங்களிடம் பிடித்துக்கொள்வான். ஆனாலும் படிவத்தை மட்டும் நிரப்பி அனுப்பியே ஆக வேண்டும். அதில் ஒரு கேள்வி: உங்கள் வாடிக்கையாளர்கள் பேசும் பேச்சில் எவ்வளவு வெளி மாநிலத்துக்குப் போகிறது? அளந்து சொல்ல வசதியில்லாதவர்கள் நூற்றுக்கு அறுபத்துநாலே முக்காலே சொச்சம் என்று வைத்துக்கொள்ளலாமாம். அதைப் படிக்கிற வருஷமெல்லாம் எல்டன் நாற்காலியில் சாய்ந்து சிரிப்பார்.

"டார்லா, நம்ம ஹ்ருஸ்கா கிழவி ஃபோன்ல யாரோட பேசுது?"

"எதுத்த வீட்டு அக்காவோட."

"வேற?"

"அக்கா தூங்கிட்டா சர்ச்சுக்கு."

"அதுல நூத்துக்கு அறுபத்தஞ்சு வெளி மாநிலமாம். எழுதிக்கோ. அந்த ரோட்டைத் தாண்டினா அயோவா மாநிலம் போல."

மார்ச் மாசக் கடைசி வாரம் முழுக்க இப்படித்தான் ஓடும். நான் எண்களைச் சொல்ல அவர் பென்சிலால் காகிதத்தில் குறிப்பார், அப்புறம் நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். மேஜையில் சர்ச் பெண்கள் விற்கிற கொலாச்சி பன் ஒரு டஜன் இருக்கும். பாப்பி விதை வைத்தது எனக்கு, பிளம் வைத்தது அவருக்கு. வேலையில் அத்தனை எரிச்சலும் அத்தனை சிரிப்பும் கலந்த ஒரு வாரம் என் வாழ்க்கையில் வேறு எங்கேயும் கிடைத்ததில்லை. அரசாங்கப் படிவத்தை நினைத்து ஏங்குகிற ஒரே ஆள் இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

எல்லா வரியையும் கிண்டல் பண்ணுகிற மனிதர், 911 டாலரை மட்டும் பண்ண மாட்டார். அந்த ஒரு டாலர் மாவட்டத்துக்குப் போகிறது. டெல்மர் மாவட்டக் கோர்ட் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, அதில் நோரின் வாவ்ரா என்ற பெண், தலையில் ஹெட்போன். தீ, விபத்து, மாரடைப்பு, எதுவானாலும் மாவட்டத்தில் யார் 911 அடித்தாலும் நோரின்தான் எடுப்பாள், அல்லது அவளோடு முறை மாற்றி உட்காரும் இன்னும் மூன்று பேர். அந்த அறைக்கும் அவர்களுக்கும் சம்பளம் இந்த டாலரில்தான். எல்டனின் மனைவி பெர்னிஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் விழுந்தபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை பத்தொன்பது நிமிஷம் நோரின் ஃபோனில் இருந்து, நெஞ்சில் இங்கே அழுத்து, எண்ணு, நிறுத்தாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். பெர்னிஸ் அதற்கப்புறம் ஏழு வருஷம் இருந்தாள்.

அதனால்தானோ என்னவோ, புது இணைப்பு கொடுக்கிற ஒவ்வொரு வீட்டிலும் எல்டன் தானே போய் அந்த வீட்டு முகவரியைப் பதிவு செய்து, அங்கிருந்தே ஒரு சோதனை அழைப்பு போடுவார். "நோரின், எல்டன் பேசறேன். யாரும் சாகல, சோதனைதான். எந்த வீடுன்னு வருது?" அவள் முகவரியைச் சரியாகச் சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்குவார். பில்லில் அந்த டாலருக்கு எதிரே, ஒவ்வொரு பில்லிலும், பென்சிலால் எழுதுவார்: 'இது நோரினின் நாற்காலிக்கு.' நூற்று நாற்பது பில். மாசாமாசம். நான் அதை அச்சிலேயே சேர்த்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், அச்சடித்தால் யாரும் படிக்க மாட்டார்கள் என்றார்.

இப்போது எங்கள் ஊரின் ஒரு கிறுக்குத்தனத்தைச் சொல்ல வேண்டும். லிப்னிக் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது, டெல்மர் மாவட்டம். ஓட்டு போடுவது டெல்மரில், நிலவரி கட்டுவது டெல்மரில், கல்யாணம் பதிவதும் கைதாவதும் டெல்மரில். ஆனால் தபால் மட்டும் ஆற்றுக்கு அக்கரையில், வேறு மாவட்டமான ஓக்ஸ்பியிலிருந்து வரும். எங்கள் தாத்தாக்கள் காலத்துப் பாலம் அந்தப் பக்கம் இருந்ததால் அப்படி. ஆகவே எங்கள் உறைகளில் எல்லாம் ஊர் பெயருக்குக் கீழே ஓக்ஸ்பி என்றும் ஓக்ஸ்பியின் தபால் எண்ணும் இருக்கும். பிறந்ததிலிருந்து அப்படியே எழுதிப் பழகியவர்கள் நாங்கள். காதல் கடிதமும் ஓக்ஸ்பி வழியாகத்தான் வரும்.

2007இல் பில் போடும் புது மென்பொருளை நான்தான் நிறுவினேன். எல்டன் அந்தப் பக்கமே வரவில்லை. வாடிக்கையாளரின் தபால் எண்ணைக் கொடுத்தால் எந்த வரி யாருக்கு என்பதை அதுவே நிரப்பும். நூற்றுச் சொச்சம் பெயர்களை ஏற்றினேன். மாவட்டம் என்ற கட்டத்தில் வரிசையாக ஓக்ஸ்பி, ஓக்ஸ்பி, ஓக்ஸ்பி என்று வந்தது. நான் பார்த்தேன். கண்ணால் நன்றாகவே பார்த்தேன். பார்த்து, சரி என்று அடுத்த கட்டத்துக்குப் போனேன். வெளியூர்க்காரி ஒருத்தி அந்த நாற்காலியில் இருந்திருந்தால், இந்த ஊர் டெல்மர் மாவட்டம் இல்லையா என்று கேட்டிருப்பாள். லிப்னிக்காரியின் கண்ணுக்கு, லிப்னிக் முகவரியில் ஓக்ஸ்பி என்றிருப்பது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி.

மாசாமாசம் மென்பொருள் காசோலைகளை அச்சிடும். கட்டாக இருபது காசோலை வரும், எல்டன் ஃபோனில் பேசிக்கொண்டே கையெழுத்து போடுவார், நான் உறையில் போட்டு அனுப்புவேன். ஆறு வருஷம் அனுப்பினேன். அழைப்புகளெல்லாம் டெல்மருக்குச் சரியாகப் போயின, அது எல்டன் கையால் பதிந்த முகவரி. டாலர் மட்டும் ஓக்ஸ்பிக்குப் போனது, அது நான் ஏற்றியது. ஓக்ஸ்பிக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருகிற பணத்தை எந்த மாவட்டம்தான் ஏன் வருகிறாய் என்று கேட்கும்?

2013 அக்டோபர், அறுவடை முடிந்த வாரம். நோரினின் அறையை மூடிவிட்டு, தொண்ணூறு மைல் தள்ளி உள்ள பெரிய ஊரோடு சேர்த்துவிடலாமா என்று மாவட்டத்தில் பேச்சு எழுந்தது. பொதுக்கூட்டம் போட்டார்கள். ஊரே வந்திருந்தது. பின்னால் மேஜையில் காபியும், ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் வைத்திருந்தார்கள். நான் அதில் ஒரு துண்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு எல்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன் வரிசையில் நோரினும் மற்ற மூவரும், விசாரணைக்கு வந்தவர்கள் மாதிரி.

மாவட்டப் பொருளாளர் ஒரு காகிதத்தை எல்லோருக்கும் கொடுத்தார். எந்த ஃபோன் கம்பெனி ஆறு வருஷத்தில் எவ்வளவு கட்டியிருக்கிறது என்ற பட்டியல். செல்ஃபோன் வந்ததால் வருமானம் எப்படிக் குறைந்தது என்று காட்டுவதற்காக. பெரிய கம்பெனி, இவ்வளவு. கேபிள் கம்பெனி, இவ்வளவு. கடைசி வரியில் குசேரா ஃபோன், சுழியம்.

முதலில் பார்த்தது வெர்ன்தான். அவனுக்கு எந்தக் காகிதத்திலும் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கிற பழக்கம்.

"ஏன்யா எல்டன்," என்று எழுந்தான். கோபமாகக் கூட இல்லை, குழம்பிப்போய். "மாசாமாசம் என்கிட்ட ஒரு டாலர் வாங்கறியே. நோரின் நாற்காலிக்குன்னு உன் கையால எழுதித் தரியே. அது எங்கய்யா?"

நோரின் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, கேள்விதான் இருந்தது, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எனக்கு அந்த நொடியில் கட்டம் கட்டமாக ஓக்ஸ்பி, ஓக்ஸ்பி என்று கண்முன் ஓடியது. எழுந்து நான்தான் என்று சொல்ல வேண்டும். தட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

எல்டன் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

"தப்பு என்னோடது," என்றார். "பணம் எங்க போச்சுன்னு இப்ப எனக்குத் தெரியல. நான் வெச்சுக்கல. திங்கக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்றேன். எங்க போயிருந்தாலும், உங்க டாலர் உங்க மாவட்டத்துக்கு வந்து சேரும்."

உட்கார்ந்துவிட்டார். பின்னால் யாரோ, "நம்பிட்டோம்" என்று முணுமுணுத்தார்கள். முப்பது வருஷம் பனியில் கம்பம் ஏறி எங்கள் ஃபோனைக் காப்பாற்றிய மனிதரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அவருடைய பிக்கப் வண்டியில்தான் திரும்பினோம். பாலத்துக்கருகில் என்னால் அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தபால் எண், கட்டம், ஓக்ஸ்பி. அழுதுகொண்டே சொன்னதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஓக்ஸ்பியா! அட கடவுளே. அந்தக் காசோலை அத்தனையிலும் கையெழுத்து போட்டவன் நான். ஓக்ஸ்பி மாவட்டம்னு பெருசா அச்சடிச்சிருந்துச்சு. எனக்கும் ஒண்ணும் தோணலையே, டார்லா!"

"நாளைக்கு நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"நான் பண்ணினதுன்னு."

"கடை போர்டுல யார் பேர் இருக்கு?"

"உங்க பேர்."

"உன் பேர் எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

"அப்ப இது உன் விஷயம் இல்ல. கண்ணைத் துடை. நீ சொல்லி ஆகப்போறது ஒண்ணும் இல்ல, உன் பேருதான் கெடும். டார்லா கணக்குன்னா இந்த ஊர்ல ஒரு மதிப்பு இருக்கு. என் கணக்குக்கு எப்பவுமே மதிப்பு இருந்ததில்ல. இல்லாதது போனா யாருக்கு நஷ்டம்?"

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த வண்டியில் எனக்கு முதலில் வந்தது நன்றி கூட இல்லை. 'அப்பாடா' என்ற நிம்மதிதான் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கும்.

திங்கட்கிழமை எல்டன் கோர்ட் கட்டிடத்துக்குப் போய்க் காசோலை நகல்களைக் காட்டினார். திருடவில்லை என்பது தெளிவாகிவிட்டது, அந்த மட்டும் ஊர் பெருமூச்சு விட்டது. ஆனால் ஓக்ஸ்பி, எங்கள் விதிப்படி கடைசி ஒரு வருஷத்துப் பணத்தைத்தான் திருப்புவோம் என்று கைவிரித்துவிட்டது. மீதி எட்டாயிரத்துச் சொச்சம் டாலரை எல்டன் தன் கையிலிருந்து கட்டினார். ஏரியில் மீன் பிடிக்க வைத்திருந்த படகை விற்றார், மிச்சத்தை நாலு வருஷத் தவணையில் அடைத்தார். நான் பாதி தருகிறேன் என்று கவரில் போட்டுக் கொண்டுபோனேன். "இதை வாங்கினா அது உன் தப்புன்னு ஆயிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பணம் வந்ததாலோ, அன்றைய கூட்டத்தில் மாவட்டக்காரர்களுக்கே வெட்கமாகிவிட்டதாலோ, நோரினின் அறை மேலும் ஆறு வருஷம் ஓடியது.

ஆனால் கிண்டல் தொடங்கிவிட்டது. பெட்ரோல் பங்கில் வெர்ன் கேட்பான், "எல்டன், வீட்டுக்கு வழி தெரியுமா, இல்ல ஓக்ஸ்பி வழியா போவியா?" சர்ச்சில் காணிக்கைத் தட்டு வரும்போது யாராவது, "எல்டன் கையில குடுக்காதீங்கப்பா, அக்கரைக்குப் போயிடும்" என்பார்கள். மறு வருஷம் ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில், வெர்னின் டிராக்டருக்குப் பின்னால் ஒரு தகரப் படகைக் கட்டி, அதில் ஆள் உயரத்துக்கு ஒரு டாலர் நோட்டை வரைந்து நிறுத்தியிருந்தார்கள். 'ஓக்ஸ்பி எக்ஸ்பிரஸ்' என்று பெயர். படகுக்குள் யார்? எல்டனேதான். மாலுமித் தொப்பி போட்டுக்கொண்டு, இரண்டு துடைப்பத்தைத் துடுப்பாக்கி, தார் ரோட்டில் படகு ஓட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு மிட்டாய் இறைத்துக்கொண்டு. ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் காலடியிலும் ஒரு மிட்டாய் வந்து விழுந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை.

ஒவ்வொரு தடவை அவர்கள் சிரிக்கும்போதும் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வரும். நாளைக்கு, அடுத்த வாரம், படிவம் முடியட்டும், கிறிஸ்துமஸ் போகட்டும். இப்படியே 2021 மார்ச் வந்துவிட்டது. அந்த வருஷப் படிவத்தில் பாதி நிரப்பியிருந்தோம். ஒரு புதன்கிழமை காலையில் எல்டன் கடைக்கு வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். மீதியை நான் தனியாக நிரப்பி ஏப்ரல் ஒன்றுக்குள் அனுப்பினேன். லைன்களை வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. கடை இப்போது நகம் வெட்டி வர்ணம் பூசும் இடம்.

போன வருஷக் கோடையில் சர்ச் விருந்து. பன்றி வறுவல், டம்ப்ளிங் என்கிற வேகவைத்த மாவு உருண்டை, புளித்த முட்டைக்கோஸ். நீள மேஜையில் நோரின், வெர்ன், இன்னும் பத்துப் பதினைந்து பேர். நான் ரொட்டிக் கூடையோடு பரிமாறிக்கொண்டிருந்தேன். வெர்ன் இப்போது கைத்தடியோடு நடக்கிறான். யாரோ ஒரு புது மருமகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தங்கமான ஆளும்மா. ஆனா கணக்குன்னா மட்டும், உலகத்துலயே அவனை மாதிரி ஒரு மக்கு கெடையாது. ஆறு வருஷம்! ஆறு வருஷமா எங்க டாலரை..."

கூடையை மேஜையில் வைத்தேன். வைத்த வேகத்தில் இரண்டு ரொட்டி உருண்டு கீழே விழுந்தது.

"அது எல்டன் இல்ல வெர்ன். நான். நான் ஏத்தின கணக்கு. அவர் எனக்காக எழுந்து நின்னார். நான் வாயைத் திறக்காம பத்து வருஷம் அவரை உங்ககிட்ட கிண்டல் வாங்க விட்டேன். இனிமே அந்தக் கதையைச் சொன்னா என் பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

வெர்ன் வாயில் இருந்த டம்ப்ளிங்கை நிதானமாக மென்று விழுங்கினான்.

"தெரியுமே," என்றான்.

"என்ன தெரியும்?"

"நீதான்னு. எல்டன் அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு விரல வெச்சு இந்த ஊர்ல யாராவது பார்த்திருக்கோமா? அன்னைக்குக் கூட்டத்துல அவன் எழுந்தப்பவே எல்லாருக்கும் தெரியும். உன் மூஞ்சியப் பார்த்தா தெரியாதா?"

நான் நோரினைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தபடியே மெல்லத் தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சும் ஏன்யா அவரை அந்தப் பாடு படுத்தினீங்க?"

வெர்ன் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"மறுநாளே எங்கிட்ட வந்து அவன்தான் சொன்னான். 'டேய், ஊர் இதை மறக்காது, யாரையாவது பிடிச்சுக் கடிக்கத்தான் செய்யும். என்னையவே கடிங்க. கொஞ்சம் சத்தமாவே கடிங்க, அவ பக்கம் யாரும் திரும்பக் கூடாது'ன்னு. அந்தப் படகு யோசனையே அவனோடதுதான்."

நோரின் பக்கத்து நாற்காலியை இழுத்துவிட்டு, அதில் இருந்த தன் பையை எடுத்துக்கொண்டாள். "உக்காரு டார்லா," என்றாள். "நின்னுக்கிட்டே இருக்காத." நான் உட்கார்ந்தேன். ஒரு மேஜை நிறைய ஆட்கள் சாப்பிடுவதை நிறுத்தி வைத்திருக்க, வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.